ஜெர்சி யாருக்கு? ட்ரயலுக்கு முன்னாடியே முடிஞ்சு போகும் றக்பி தெரிவு!

பிராட்பி கேடய மெட்ச் கொழும்பில் நடக்கிற நாளில் ரீட் அவென்யூ பக்கம் ஹயர் ஓடுகிற ஓட்டோக்காரர்களைக் கேட்டால் தெரியும். ரோட்டு அசையாது. கொடி கட்டின வாகனங்கள், பப்பரே பேண்ட், கழுத்தில் ஸ்கூல் டை... ஐம்பது வயசு டாக்டரும் அறுபது வயசு லோயரும் பதினெட்டு வயசுப் பொடியன்மாருக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இலங்கையில் றக்பி என்றால் சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது பாடசாலை றக்பிதான். நாட்டு அணியின் பதினைந்து பேரின் பெயரைச் சொல்லத் தெரியாதவனும், தான் படித்த பாடசாலையின் கெப்டன் யார், போன வருஷம் யாரிடம் தோற்றது என்று மூச்சு விடாமல் சொல்லுவான்.

இந்தப் பொடியன்மாரில் இருந்துதான் நாட்டுக்கு ஆடும் இளையோர் அணி தெரிவாகிறது. தெரிவாளர்கள் உட்காருவார்கள், பயிற்சி முகாம் நடக்கும், முதல் பட்டியல் வரும், பிறகு இறுதிப் பட்டியல் வரும். பேப்பரிலும் படம் வரும்.

ஆனால் உண்மையான தெரிவு அங்கே நடப்பதில்லை. அதில் பெரும்பகுதி பல வருஷத்துக்கு முன்னாடியே முடிந்துவிடுகிறது. எங்கே? பாடசாலை கேட்டில்!

துரைமார் கொண்டுவந்த பந்து

இந்த முட்டை வடிவப் பந்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1879இல் கொழும்பில் கிளப் ஆரம்பித்து மெட்ச் ஆடினார்கள். பிறகு மலைநாட்டுத் தோட்டத் துரைமார் விளையாடினார்கள். டிக்கோயா, திம்புள்ள, ஊவா என்று தோட்டப் பகுதிகளிலேயே கிளப் இருந்தது. 1908இல் சங்கமும் வந்தாச்சு.

பாடசாலைகளில் முதலில் பந்தைத் தொட்டது கண்டி கிங்ஸ்வூட் கல்லூரி, 1891இல். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. அதுதான் இலங்கையின் முதல் பாடசாலை மெட்ச். 6க்கு 6 என்று சமநிலை. யாருக்கும் மனக்கசப்பு இல்லை!

1945இல் றோயல் கல்லூரி அதிபராக இருந்த பிராட்பி துரை ஒரு கேடயத்தைக் கொடுத்தார். றோயலும் திரித்துவமும் வருஷத்துக்கு இரண்டு தடவை மோதும். ஒன்று கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டு மெட்ச் புள்ளியையும் கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவர்களுக்குக் கேடயம். முதல் மெட்ச்சில் தோற்றாலும் இரண்டாவதில் பெரிய வித்தியாசத்தில் அடித்தால் கேடயம் கைக்கு வரும். எண்பது வருஷமாக அந்தப் பரபரப்பு குறையவே இல்லை.

அதெல்லாம் அழகான கதை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

துரைமார் கிளப் வைத்து ஆடிய அதே டிக்கோயாவில், அதே திம்புள்ளயில், அந்த மைதானத்துப் புல்லை வெட்டிய தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எத்தனை பேர் றக்பி ஆடுகிறார்கள்? தோட்டப் பாடசாலையில் கிரவுண்ட் என்று ஒன்று இருந்தாலே அதிர்ஷ்டம். இருந்தால் அதில் கிரிக்கெட், இல்லையென்றால் புட்போல். றக்பி பந்தைக் கையில் தொட்டுப் பார்க்காமலேயே ஓ.எல். முடித்து, கொழும்புக் கடைக்கு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். லயத்துப் படியில் மூட்டையோடு ஏறி இறங்கிய காலுக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று எந்தத் தெரிவாளரும் பார்த்ததில்லை.

கேட்டில் நடக்கும் தெரிவு

ஒரு பொடியன் நாட்டு ஜெர்சி போட வேண்டுமானால் முதலில் என்ன வேண்டும்? வேகமா? பலமா? இல்லை. முதலில் றக்பி இருக்கிற பாடசாலையில் இடம் வேண்டும்.

முதல் தரத்தில் ஆடும் பாடசாலைகளின் பெயரைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே கொழும்பும் கண்டியும்தான். அந்தப் பாடசாலைகளுக்குள் போக பெரும்பாலும் மூன்று வழி. தரம் 1இல் போக வேண்டும். அதற்கு வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது அப்பா அங்கே படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் உயர்தரத்துக்குப் போகும்போது உள்ளே போக வேண்டும்.

ஆறு வயசில் எவன் நல்ல விங்கராக வருவான் என்று யாருக்குத் தெரியும்? பத்து வயசில் கணக்குப் பாடத்தில் எடுத்த மார்க்குக்கும் ஸ்க்ரம்மில் தள்ளுகிற தோளுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை! ஆனால் அந்த மார்க்தான் பிறகு ஜெர்சியைத் தீர்மானிக்கிறது.

இது இனத்தின் கதை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. றோயலில் தமிழ் மொழிமூல வகுப்பும் இருக்கிறது. கிங்ஸ்வூட்டில் படித்த பாசில் மரிஜா இலங்கை அணிக்கே தலைமை தாங்கினார். வாசலுக்குள் போய்விட்டால் தமிழனோ முஸ்லிமோ சிங்களவனோ, பந்துக்கு அது தெரியாது. வாசலுக்கு வெளியே நிற்கிறவனுக்குத்தான் பிரச்சினை. மொனராகலை சிங்களப் பொடியனும் மன்னார் தமிழ்ப் பொடியனும் நிற்பது அதே கேட்டுக்கு வெளியில்தான்.

வடக்கில் கதை இன்னும் மோசம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் பெரும் போர் கிரிக்கெட்டுக்கு ஊரே திரளும். புட்போலுக்கு ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கழகம் இருக்கும். றக்பிக்கு அப்படி ஒரு மண் உருவாகவில்லை. முப்பது வருஷ யுத்தத்தில் கிழிந்துபோன விஷயங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசுவதற்கு வேறு பெரிய விஷயங்கள் இருந்தன, அதுவும் நியாயம்தான்.

ஆறு வருஷம் வளர்த்தது ஒருத்தன், அறுவடை வேறொருத்தன்

மூன்றாவது வழி என்று சொன்னோமே, உயர்தர அனுமதி. அங்கேதான் கூத்து.

ஓ.எல். முடிந்ததும் சின்னப் பாடசாலைகளில் நன்றாக ஆடுகிற பொடியன்மாருக்குப் பெரிய இடங்களில் இருந்து அழைப்பு வரும். உயர்தரத்துக்கு இடம் தருகிறோம், சாப்பாடு பார்த்துக்கொள்கிறோம், தங்க இடம் தருகிறோம் என்று சொல்லுவார்கள். வீட்டில் கஷ்டப்படுகிற தாய் தகப்பன் வேண்டாம் என்று சொல்லுவார்களா? சொல்லவும் கூடாது. பிள்ளைக்கு நல்லது நடக்கிறது.

ஆனால் அந்தச் சின்னப் பாடசாலையைப் பாருங்கள். அரைச் சம்பளத்துக்கு வேலை செய்த கோச் ஒருத்தர், பதினொரு வயசில் இருந்து அவனுக்குப் பந்து பிடிக்கப் பழக்கினார். காயம்பட்டால் சித்தாலேப தேய்த்துவிட்டார். பஸ் காசு கொடுத்தார். பதினாறு வயசில் ஆள் பறந்தாச்சு. அடுத்த வருஷம் அந்த டீம் கீழே விழும். இரண்டு வருஷத்தில் பதினைந்து பேர் சேராமல் போட்டியில் இருந்தே காணாமல் போகும். அதற்குப் பிறகு அந்த ஊரில் பிறக்கும் பொடியனுக்குப் பந்து பழக்க ஆளே இல்லை.

ஒரு மரத்தைப் பிடுங்கித் தோட்டத்தில் நட்டாச்சு. நாற்றுமேடை காலி.

பறந்த பொடியனுக்கும் எல்லாம் சந்தோஷம் இல்லை. அங்கே அவனுடைய இடத்தில் ஏழு வருஷமாக ஆடிவருகிற ஒருத்தன் இருப்பான். அவனுடைய அப்பா பழைய மாணவர் சங்கத்தில் இருப்பார். புதுப் பொடியன் பெஞ்சில் உட்காருவான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனைத் தெரிவாளர் பார்ப்பாரா? பழைய பாடசாலையில் இருந்திருந்தால் கெப்டனாகவாவது இருந்திருப்பான்.

தெரிவாளர் கண்ணுக்கு என்ன தெரியும்?

சரி, தெரிவாளர்கள் எல்லோரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான். சம்பளம் இல்லாமல் வெயிலில் நின்று மெட்ச் பார்க்கிறவர்கள். அப்படியிருந்தும் பிழை நடக்கும். ஏன்?

றக்பியில் ஒருத்தன் தனியாக மின்ன முடியாது. முன்வரிசை எட்டுப் பேர் ஸ்க்ரம்மில் தள்ளி ஜெயித்தால்தான் பந்து பின்வரிசைக்கு வரும். முன்வரிசை தோற்றுக்கொண்டே இருந்தால் விங்கில் நிற்கிறவனுக்கு ஒரு மெட்ச்சில் மூன்று தடவை பந்து வந்தாலே பெரிய விஷயம். அவன் காற்றாக ஓடக்கூடியவன் என்று யாருக்குத் தெரியும்? கையில் பந்து வந்தால்தானே ஓடுவான்! ஜெயிக்கிற டீமின் சுமாரான விங்கர் நாலு ட்ரை வைத்துப் பேப்பரில் வருவான். தோற்கிற டீமின் கெட்டிக்கார விங்கர் டேக்கிள் பண்ணியே களைத்துப் போவான்.

அடுத்தது உடம்பு. பதினாறு, பதினேழு வயசில் ஒருத்தன் மீசையோடு ஆள் மாதிரி இருப்பான். இன்னொருத்தன் இன்னும் பிள்ளை மாதிரி இருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான். தெரிவு நாளில் பெரிய உடம்புதான் கண்ணில் படும். மூன்று வருஷம் கழித்துச் சின்னவன் வளர்ந்து அவனைத் தாண்டிவிடுவான். ஆனால் அந்த நேரம் அவன் விளையாட்டையே விட்டுவிட்டு எங்கேயாவது பில் போட்டுக்கொண்டிருப்பான்.

பிறந்த திகதியும் விளையாடுகிறது. வயசெல்லை ஜனவரி 1 என்று வைத்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. நடுவில் பதினொரு மாசம்! பன்னிரண்டு வயசில் அந்தப் பதினொரு மாசம் என்பது நாலு விரல் உயரம், அஞ்சாறு கிலோ எடை. சின்ன வயசிலேயே மூத்தவன் 'ஏ' டீமுக்குப் போவான், நல்ல கோச் கிடைப்பார், அதிக மெட்ச் கிடைக்கும். பதினெட்டு வயசில் பார்த்தால் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரனாக இருப்பான். திறமை அவனைத் தெரிந்தெடுத்ததா, கலண்டர் தெரிந்தெடுத்ததா?

இதற்கு மேலே காலப் பிரச்சினை. லீக் சூடு பிடித்திருக்கிற நேரத்தில் நாட்டு அணிக்குப் பயிற்சி முகாம் என்றால் எந்தப் பாடசாலை மனசோடு தன் ஆட்களை விடும்? பெரிய மெட்ச்சுக்கு முன்னாடி கெப்டனுக்கு முகாமில் கால் பிசகினால் பழைய மாணவர்கள் சும்மா இருப்பார்களா? இந்தப் பக்கம் உயர்தரப் பரீட்சை வேறு. நாட்டுக்கா, பாடசாலைக்கா, பரீட்சைக்கா என்று பதினெட்டு வயசுப் பிள்ளையை மூன்று பக்கமும் இழுக்கிறார்கள்.

பொடியன் யாருக்குச் சொந்தம்?

பாடசாலைப் போட்டி கல்வி அமைச்சின் கீழே. நாட்டு அணி றக்பி சங்கத்தின் கையில். சங்கத்துக்கு மேலே விளையாட்டுத்துறை அமைச்சு. ஒரே பொடியனுக்கு மூன்று எஜமான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கலண்டர் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அது நடப்பதாகத் தெரியவில்லை.

பெரியவர்கள் சண்டை பிடித்தால் என்ன ஆகும் என்று 2023இல் பார்த்தோம். சங்க நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்று சொல்லி உலக றக்பி அமைப்பு இலங்கையின் உறுப்புரிமையையே இடைநிறுத்தியது. பிறகு தடை நீங்கி, அணி மறுபடி ஆசியப் போட்டிகளுக்குப் போய்விட்டது. ஆனால் வயசுப் பிரிவில் ஆடுகிற பொடியனுக்கு ஒரு வருஷம் என்பது திரும்பி வராத வருஷம். இருபத்தைந்து வயசுக்காரன் அடுத்த வருஷம் ஆடலாம். பதினெட்டு வயசுக்காரனுக்கு அடுத்த வருஷம் பத்தொன்பது. கதை முடிந்தது.

தென்னாபிரிக்காவில் எப்படி?

இந்தப் பிரச்சினை இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. நாலு தடவை உலகக் கிண்ணம் வென்ற தென்னாபிரிக்காவைப் பார்த்தால் நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும்.

அங்கே கிரேவன் வாரம் என்று ஒன்று இருக்கிறது. 1964இல் ஈஸ்ட் லண்டன் என்ற ஊரில் ஆரம்பித்தது. டேனி கிரேவன் என்ற பழைய வீரர், றக்பி சபைத் தலைவராக இருந்தவர், அவருடைய பெயரில்தான் நடக்கிறது. விசேஷம் என்ன தெரியுமா? அதில் பாடசாலை டீம் ஆடாது. ஒவ்வொரு மாகாணமும் தன் எல்லைக்குள் இருக்கிற பாடசாலைகளில் இருந்து மாணவர்களைப் பொறுக்கி ஒரு அணி அனுப்பும். ஒரே ஊரில் ஒரு வாரம் எல்லோரும் ஆடுவார்கள். உத்தியோகபூர்வமாகச் சம்பியன் என்று யாருமே இல்லை! கிண்ணத்துக்காகச் சண்டை பிடிக்காமல் பிள்ளைகள் ஆடட்டும் என்பதுதான் யோசனை. வாரம் முடியும்போது நாட்டுப் பாடசாலை அணியை அறிவிப்பார்கள்.

முதல் வருஷங்களில் அது வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நிறவெறிக் காலம். 1980இல்தான் மற்றப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது.

இப்போது இரண்டு பொடியன்மார் கதை.

முதலாவது ஆள் சியா கொலிசி. போர்ட் எலிசபெத் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். ஒரு ட்ரயலுக்குப் போகும்போது றக்பிக் காற்சட்டை இல்லாமல் உள்காற்சட்டையோடு ஆடினாராம். பன்னிரண்டு வயசில் ஒரு போட்டியில் கண்ணில் பட்டார். கிரே என்ற வசதியான பாடசாலை உதவிப்பணம் கொடுத்து உள்ளே எடுத்தது. மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்தது. மாகாண அணி, கிரேவன் வாரம் என்று மேலே போனார். 2018இல் தென்னாபிரிக்காவின் முதல் கறுப்பினக் கெப்டன். 2019, 2023 இரண்டு உலகக் கிண்ணத்தையும் தூக்கினது அவர் கை.

இரண்டாவது ஆள் மகசோலே மபிம்பி. கிராமத்துப் பொடியன். பெரிய பாடசாலை எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. மைல் கணக்கில் நடந்து கிராமப் பாடசாலைக்குப் போனார். கிரேவன் வாரம் ஆடவே இல்லை. எந்தத் தெரிவாளர் கொப்பியிலும் அவர் பெயர் இல்லை. பெரிய மெட்ச் கிடைப்பதற்கே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நாட்டுக்கு முதலாவது டெஸ்ட் ஆடும்போது வயசு 27.

2019 இறுதி ஆட்டம், யோகோஹாமா. இங்கிலாந்துக்கு எதிராக 32க்கு 12 என்று வெற்றி. அதற்கு முன் 1995இலும் 2007இலும் தென்னாபிரிக்கா கிண்ணம் வென்றிருந்தது. இரண்டு இறுதியிலும் உதைத்து எடுத்த புள்ளிதான், ஒரு ட்ரை கூட இல்லை. உலகக் கிண்ண இறுதியில் தென்னாபிரிக்காவின் முதல் ட்ரையை வைத்தது யார்? மபிம்பி!

கொலிசி கதையைக் காட்டி 'பாருங்கள், எங்கள் முறை வேலை செய்கிறது' என்று சொல்லலாம். மபிம்பி கதை அப்படிச் சொல்ல விடாது. அவர் தப்பி வந்தவர். அவரைப் போல ஓடக்கூடிய எத்தனை பேர் வராமலே போனார்கள்? அந்தக் கணக்கு எந்த நாட்டிலும் இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கறுப்பின மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே மாகாண அணிகளுக்கு விதி போட்டார்கள். நல்ல விதிதான். ஆனால் மாகாணங்கள் என்ன செய்தன? கிராமங்களுக்குப் போய்த் தேடுவதை விட, உதவிப்பணத்தில் பெரிய பாடசாலைகளுக்கு ஏற்கனவே வந்து சேர்ந்த பிள்ளைகளை எடுப்பது லேசு. எண்ணிக்கை சரியாகிவிடும். கிராமப் பாடசாலை அப்படியே கிடக்கும். மறுபடியும் கேட்டுதான் தெரிவாளர்!

அந்த ஒரு வாரத்துக்கு இருக்கிற மதிப்பே ஆபத்தையும் கொண்டுவந்தது. தொழில்முறைக் கிளப் ஆட்கள் கொப்பியோடு வந்து உட்காருவார்கள். ஒப்பந்தம் கிடைக்குமா இல்லையா என்பது அந்த ஏழு நாளில் தெரியும். உடம்பை ஏற்ற ஸ்டீரொய்ட் அடித்துச் சோதனையில் சிக்கிய பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு ஊசி போடச் சொன்னது யார்? மாட்டினது மட்டும் பிள்ளை.

ஜெர்சிக்குப் பின்னால் சோறு

ஒரு விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். வசதியான வீட்டுப் பொடியனுக்கு அது விளையாட்டுத்தான். ஆடி முடித்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போவான்.

நாட்டாமி வேலை செய்கிறவர் வீட்டுப் பொடியனுக்கு அது வேறு. இலங்கையில் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் றக்பி அணி இருக்கிறது. நன்றாக ஆடினால் வேலை, சம்பளம், பிறகு பென்ஷன். மற்றக் கிளப்களிலும் பெயர் எடுத்தவனுக்குக் கம்பனிகளில் வேலை பார்த்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. நாட்டு இளையோர் அணி ஜெர்சி ஒருதரம் போட்டவனுக்கு அந்தக் கதவுகள் லேசாகத் திறக்கும். போடாதவன் எவ்வளவு திறமை இருந்தாலும் யார் சிபாரிசில் உள்ளே போவான்?

செலவையும் பார்க்க வேண்டும். பூட்ஸ், பல்லுக்கு வைக்கும் கார்ட், தினம் முட்டை, பால், இறைச்சி. 2022இல் விலைவாசி ஏறினதற்குப் பிறகு ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்படிச் சாப்பாடு போட்டால் மற்றப் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? பெரிய பாடசாலையில் பழைய மாணவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். சின்னப் பாடசாலையில் வெறும் தேத்தண்ணியும் பணிஸும்தான்.

அடி பட்டால் இன்னும் கஷ்டம். பிள்ளைகள் ஆட்டம் என்பதால் உலகச் சட்டத்திலேயே தனி விதி உண்டு. 19 வயசுக்குக் கீழ் என்றால் ஸ்க்ரம்மை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது, ஒரு பாதி 35 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. தலையில் அடி பட்ட சந்தேகம் இருந்தாலே வெளியே எடுக்க வேண்டும். பெரிய மெட்ச்சில் டொக்டர் நிற்பார், அம்புலன்ஸ் நிற்கும். கீழ்ப் பிரிவு மெட்ச்சில் தலை சுற்றுது என்று பொடியன் சொன்னாலும் மாற்று ஆள் இல்லாமல் 'கொஞ்சம் தாங்கு மச்சான்' என்பார்கள். தெரிவாளர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பொடியனே சொல்ல மாட்டான். மறைப்பான்.

ஏழு பேர் போதும்!

வழி இல்லையா? இருக்கிறது. பெரிய காசும் தேவையில்லை.

பதினைந்து பேர் ஆட்டத்துக்கு ஆளும் வேண்டும், உடம்பும் வேண்டும். ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கு அது தேவையில்லை. ஒரு பாதி ஏழு நிமிஷம், மொத்தம் பதினாலு நிமிஷம். மாற்று ஆட்களோடு பன்னிரண்டு பொடியன்மார் இருந்தால் டீம் ரெடி. வேகமும் மூச்சும்தான் முக்கியம். 2016இல் இருந்து அது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. பதினைந்து பேர் உலகக் கிண்ணத்தில் இலங்கை ஆண்கள் அணி இதுவரை கால் வைத்ததில்லை. ஆசியாவில் ஹொங்கொங்கைத் தாண்டுவதே பெரும் பாடு. 2027 உலகக் கிண்ண வாய்ப்பையும் ஹொங்கொங்தான் தட்டிப் பறித்தது. மெலிந்த, வேகமான பொடியன்மார் நிறைய இருக்கிற நாட்டுக்கு செவன்ஸ்தான் கிட்டக் கிடக்கிற வாசல். ஹட்டனில் ஒரு நாள், வவுனியாவில் ஒரு நாள், மட்டக்களப்பில் ஒரு நாள் என்று வலயக் கல்வி அலுவலகங்கள் சேர்ந்து செவன்ஸ் வைத்தாலே போதும். எந்தப் பாடசாலை ஜெயித்தது என்பது முக்கியமில்லை. யார் எப்படி ஓடினான் என்று எழுதிக்கொள்ள ஒருத்தர் அங்கே நிற்க வேண்டும்.

அடுத்தது மாகாண அணி. கிரேவன் வாரத்தில் இருக்கிற கெட்டதை விட்டுவிட்டு நல்லதை எடுக்கலாம். மாகாணத்துக்கு ஒரு அணி, ஒரே பாடசாலையில் இருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது என்று விதி போட்டால், தெரிவாளர் தானாகவே வேறு பாடசாலைகளுக்குப் போய்த் தேட வேண்டி வரும். தோற்கிற டீமின் விங்கருக்கு நல்ல முன்வரிசையோடு ஆட ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அப்போது தெரியும் அவன் யார் என்று.

பெரிய பாடசாலை ஒரு பொடியனை உயர்தரத்துக்கு எடுத்தால், அவனை வளர்த்த பாடசாலைக்குப் பந்தும் பூட்ஸும் ஒரு கோச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போடலாம். புட்போலில் உலகம் முழுக்க வளர்த்த கிளப்புக்குக் காசு போகிற முறை இருக்கிறது. றக்பிக்கு மட்டும் ஏன் கூடாது?

பழைய மாணவர்கள் கோபப்படுவார்கள். கோபப்பட வேண்டியதில்லை. பிராட்பிக்கு யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. ரீட் அவென்யூவில் வருஷாவருஷம் ரோட்டு அடைபடட்டும், பப்பரே அடிக்கட்டும். டரவளையில் துரைமார் ஆடின கிரவுண்ட் இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளைக் கூப்பிட்டு நாலு பந்தைக் கொடுத்துப் பார்க்க எந்த அமைச்சின் அனுமதியும் தேவைப்படாது. ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் டிக்கோயா இருபது நிமிஷம்தான்.